நட்சத்திரத்துக்குப் போன அக்காவும் வில்லியனூர் ரயில்வே கேட்டும்

சினிமாவுக்குக் கதை எழுதறவன்னு சொன்னா, ஏதோ ராப்பகலா எழுதிக்கிட்டே இருப்பான்னு ஊர்ல நெனைக்கறாங்க. எங்க தொழில்ல எழுதறது கால்வாசி, மிச்சம் முக்கால்வாசியும் யாராவது ஒருத்தர் எதிர்ல உக்காந்து வாயாலயே படம் ஓட்டிக் காட்டறதுதான்.

"கதை சொல்றது"ன்னு அதுக்குப் பேரு. தயாரிப்பாளருங்க எழுதிக் குடுத்தா படிக்க மாட்டாங்க, நாம போய்ச் சொல்லணும். சண்டைக்கு டிஷ்யூமும் நாமதான், மழைக்குச் சோவும் நாமதான், "இங்க ஒரு பாட்டு சார்"னு கையை விரிக்கறதும் நாமதான். எதிர்ல இருக்கறவங்க உம் கொட்டணும். அந்த உம்முலதான் நம்ம தலையெழுத்தே இருக்கு. "உம்ம்ம்"னு இழுத்தா கதை உள்ள எறங்குது. "உம், உம்"னு வெட்டினா மனுஷன் சாப்பாட்டை நெனச்சிட்டாரு. இதே பொழப்புல இருக்கற அண்ணன் தம்பிங்க, அக்கா தங்கச்சிங்க யாராவது இதைப் படிச்சா, உங்களுக்கு நான் புதுசா எதுவும் சொல்லப் போறதில்லை. நம்ம கஷ்டம் நமக்குத் தெரியும்.

எனக்குக் கூடுதலா ஒரு கஷ்டம், நான் எழுதறது விஞ்ஞானக் கதை. குடும்பக் கதைன்னா "ஒரு மாமியார் இருக்காங்க சார்"னு ஆரம்பிச்சா போதும், மாமியாருன்னா இன்னான்னு யாரும் கேக்க மாட்டாங்க. நான் ஆகாயத்துலேருந்து ஆரம்பிக்கணும். வில்லியனூர் கடைத்தெருவுல எங்க அத்தா வெச்சுட்டுப் போன பாத்திரக்கடைதான் எனக்குச் சோறு போடுது. காலையில எவர்சில்வர் குடம், சாயங்காலம் செவ்வாய் கிரகம். பத்திரிகையில கதைங்க வந்திருக்கு, புத்தகமும் வந்திருக்கு. ஆனா ஒரே ஒரு கதை மட்டும் படமா வரணும்னு பல வருஷமா தலையில சொமந்துக்கிட்டு அலையறேன். இதுல கொடுமை என்னன்னா, அந்தக் கதையோட முடிவை இது வரைக்கும் ஒருத்தரும் உக்காந்து கேட்டதில்லை.

பேரு வெட்டறதுல வந்த வினை

எங்க கடையில பாத்திரம் வாங்கினா பேரு வெட்டித் தருவோம். கல்யாணச் சீருன்னா குடம், சொம்பு, தாம்பாளம் எல்லாத்துலயும் பொண்ணு பேரு இருக்கணும். அந்த மெஷினை நான்தான் புடிப்பேன். கை அதுபாட்டுக்கு வெட்டும், மனசு அதுபாட்டுக்குக் கதையில ஓடும். ரெண்டு தொழிலுக்கும் இவ்வளவு பொருத்தமா இருக்கேன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பெருமை வேற.

ஒரு நாள் பாகூர்லேருந்து ஏகாம்பரம்னு ஒருத்தர் வந்தாரு. நெல்லும் கரும்பும் போடற குடும்பம், மக கல்யாணத்துக்குச் சீரு எடுக்க வந்திருந்தாரு. பொண்ணு பேரு ஜெயந்தி. பெரிய அண்டாவை எடுத்து மொதல்ல வெட்டினேன். தொடச்சுக் குடுத்தேன். அவரு மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பாத்தாரு, கழட்டித் தொடச்சுட்டு மறுபடியும் பாத்தாரு. அண்டாவுல "பூங்கோதை"ன்னு கொம்பு, சுழியெல்லாம் பிசகாம வெட்டி வெச்சிருக்கேன்! பூங்கோதை என் கதாநாயகி. அன்னிக்குக் காலையிலதான் அவளை ராக்கெட்ல ஏத்தி அனுப்பியிருந்தேன். கையெடுத்துக் கும்பிட்டு வேற அண்டா குடுத்தேன். அந்தப் பூங்கோதை அண்டா இன்னிக்கும் எங்க வூட்டுலதான் கெடக்கு, குளிக்கறதுக்குத் தண்ணி புடிச்சு வெப்போம்.

கெளம்பும்போது ஏகாம்பரம், கடைக்குள்ள என் சம்சாரம் மும்தாஜ் உக்காந்திருந்த பக்கம் ஒரு பார்வை பாத்தாரு. அப்புறம் என் காதுகிட்ட வந்து, கடைக்கே கேக்கற மாதிரி ரகசியமா கேட்டாரு:

"யாரு பாய் இந்தப் பூங்கோதை? வூட்டுல தெரியுமா?"

தியேட்டர்ல பாத்துக்கறேன்

வூட்டுல தெரிஞ்சு போச்சு. மத்தியானம் கடைக்குள்ளயே சோத்தைப் போட்டுக்கிட்டே மும்தாஜ், "யாரு அவ?"ன்னா. "அவ பூமியிலயே இல்லமா"ன்னேன். "ஐயய்யோ, மவுத்தாயிட்டாளா?"ன்னு கரண்டியைக் கீழ போட்டுட்டா. சரி, இனிமே மறைக்கறதுல அர்த்தமில்லைன்னு கதையைச் சொல்ல ஆரம்பிச்சேன். பாகூர்ல ரெண்டு பொண்ணுங்க. அக்கா பூங்கோதை, தங்கச்சி தேன்மொழி. அக்கா ரொம்பத் தூரத்துல இருக்கற ஒரு நட்சத்திரத்துக்குத் தனியா கெளம்பறா. போனா திரும்பி வர முடியாது. விண்கலத்துல ஒரு உறக்கப் பெட்டி இருக்கு, அதுல படுத்தா வருஷக்கணக்கா தூங்கலாம், வயசு ஏறாது. தங்கச்சி, பாகூர் ஏரிக்கரையில நிறுத்தியிருக்கற பெரிய ஆன்டெனாவுலேருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் அக்காவுக்குப் பேசறா. "அக்கா, நாந்தான் பேசறேன்"னு ஆரம்பிப்பா.

அக்கா தூங்கி எழுந்திரிக்கும்போதெல்லாம் தங்கச்சி பேச்சு வந்து காத்துக்கிட்டிருக்கும். ஏரி ரொம்பிச்சு, எதிர்வூட்டுக்காரனுக்குக் கல்யாணம், பஸ்சு மறுபடியும் லேட்டுன்னு ஊர் நாயமெல்லாம் சொல்லுவா. அக்கா அப்படியே இளசா இருக்கா, தங்கச்சி கொரலு மட்டும் வயசாயிக்கிட்டே வருது. ஒரு தடவை எழுந்தா தங்கச்சிக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. அடுத்த தடவை எழுந்தா பேரப்புள்ளை. கடைசியா நட்சத்திரம் வந்துடுச்சு, பூங்கோதை கண்ணு முழிக்கறா. கணக்குப் பாத்தா தங்கச்சி இப்ப உயிரோட இருக்க முடியாது. ரேடியோவுல சிவப்பு வெளக்கு எரியுது. கையை நீட்டறா...

மும்தாஜ் அது வரைக்கும் இழுத்து இழுத்து உம் கொட்டிக்கிட்டு இருந்தா. சோறு ஆறிப் போச்சு. அந்த மாதிரி உம் நான் அதுக்கு முன்னாடி எந்த மனுஷங்க வாயிலயும் கேட்டதில்லை. பாத்திரம் அடுக்கின அந்தச் சின்னக் கடை, வானம் மாதிரி பெருசாயிட்ட மாதிரி இருந்துச்சு எனக்கு. "கையை நீட்டறா"ன்னு சொல்லிட்டு மூச்சு வாங்கினேன். படக்குன்னு ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கிட்டா:

"போதும்ங்க, சொல்லிடாதீங்க. சொல்லிட்டா அது வெறும் கதையாவே நின்னுடும். முடிவை நா தியேட்டர்ல பாத்துக்கறேன்."

ராக்கெட்டுக்கு முன்னாடி ஒரு குத்துப்பாட்டு

அன்னிக்கு மாட்டினவன்தான். அவகிட்ட முடிவைச் சொல்றதுன்னா, இந்தப் படம் வரவே வராதுன்னு நானே ஒத்துக்கற மாதிரி ஆயிடும். அவ கேக்கவும் மாட்டா, நான் சொல்லவும் முடியாது. உங்ககிட்ட சொல்றதுல தப்பில்லை. நான் எழுதி வெச்சிருந்த முடிவுல பூங்கோதை பட்டனை அமுக்கறா, ஒண்ணும் வரலை. சத்தமே இல்லை. திரை இருட்டாயிடுது, படம் முடிஞ்சுது. பெரிய முடிவு எழுதிட்டோம்னு எனக்கு ஒரு நெனப்பு.

அந்த முடிவு வரைக்கும் போறதுக்கு ஒரு தயாரிப்பாளராவது விடணுமே! ஒருத்தர் இடைவேளையிலயே தூங்கிட்டாரு. இன்னொருத்தர் உறக்கப் பெட்டி எந்தக் கம்பெனி, தவணையில கெடைக்குமான்னு விசாரிக்க ஆரம்பிச்சிட்டாரு. சென்னையில ஒருத்தர் மட்டும் நல்லா கேட்டாரு, உம்மும் நல்ல உம். பூங்கோதை ராக்கெட்ல ஏறற எடம், தங்கச்சி கீழ நின்னு கையை ஆட்டறா. அவரு கண்ணை மூடி யோசிச்சாரு. அட, ஆளு மாட்டிக்கிட்டாருடான்னு நான் அல்லாவை நெனச்சுக்கிட்டேன். கண்ணைத் தொறந்து என் தோள்ல கையைப் போட்டாரு:

"சார், ராக்கெட்டு கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு குத்துப்பாட்டு வெச்சிட்டோம்னா, அந்தப் பொண்ணு போனதே ஜனங்களுக்குத் தெரியாது!"

பேரு வந்த படம்

என் பேரு ஒரே ஒரு படத்துல வந்திருக்கு, அது ஒரு பேய்ப்படம். விஞ்ஞானம் எழுதறவனாச்சே, பேய்க்கும் ஒரு காரணம் சொல்லுங்கன்னு கூப்பிட்டாங்க. நானும் மின்காந்த அலை, அது இதுன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தேன். எடுக்கும்போது அதையெல்லாம் தூக்கிட்டு எலுமிச்சம்பழம் வெச்சுட்டாங்க. ஆனா "வசன உதவி"ன்னு என் பேரைப் போட்டாங்க, அது போதும்.

மொத நாள் மும்தாஜைக் கூட்டிக்கிட்டு பாண்டிக்குப் போனேன். தியேட்டர்ல வெளக்கு அணைஞ்சும் பாதி ஜனம் சீட்டு தேடிக்கிட்டு இருந்துச்சு. பாப்கார்ன் டப்பா ஒண்ணு எங்க தலைக்கு மேல போவுது. பேருங்க படபடன்னு ஓடுது, நான் கண்ணைச் சிமிட்டினேன், என் பேரு வந்து போயிடுச்சு! நானே பாக்கலை. ஆனா மும்தாஜ் பாத்துட்டா. எழுந்து நின்னு கைதட்டறா, அந்த ஹாலுலயே அவ ஒருத்திதான். நிஜமா சொல்றேன், நான் எழுதின எந்தக் கிரகத்துலயும் அவ்வளவு பெரிய சத்தம் கேட்டதில்லை. பின் சீட்டுல ஒரு அம்மா முறுக்கைக் கடிச்சுக்கிட்டே சொன்னாங்க:

"இன்னாம்மா, படமே இன்னும் ஆரம்பிக்கல, அதுக்குள்ள இன்னாத்துக்குக் கை தட்டற?"

சேதராப்பட்டு கேன்டீன்

விண்கலத்துக்குள்ள இருக்கற உலோகச் சுவரு எப்படி இருக்கும்னு பாக்கணும்னு, சேதராப்பட்டுல தகடு வளைக்கற ஒரு கம்பெனிக்குப் போனேன். அங்க சூப்பர்வைசரா இருக்கற ரவி, என்கூடப் படிச்சவன். மெஷின் தகட்டைப் புடிச்சு வளைக்கறதைப் பாத்துக்கிட்டே நின்னேன். அவ்ளோ தடிமனான இரும்பு, அப்பளம் மாதிரி மடங்குது. ரவி டீ வாங்கிக் குடுக்கக் கேன்டீனுக்குக் கூட்டிக்கிட்டுப் போனான். அங்க கையில கிளாஸோட இருந்தவங்ககிட்ட, "இவரு கதை சொல்லுவாருபா"ன்னு மாட்டி விட்டுட்டான்.

சொன்னேன். உள்ளூர்க்காரங்க, ஒடிசா பசங்க, பீகாரு பசங்கன்னு ஒரே கூட்டம். தமிழ் தெரியாதவங்களுக்குத் தெரிஞ்சவன் மெதுவா இந்தியில சொல்றான். அதனால என் கதைக்கு ரெண்டு உம் வந்துச்சு, ஒண்ணு ஒடனே, இன்னொண்ணு கொஞ்சம் தாமதமா. பூங்கோதைக்கும் இப்படித்தானே சேதி லேட்டா போய்ச் சேருதுன்னு நெனச்சப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ரேடியோவுக்கு அவ கையை நீட்டற எடத்துக்கு வந்தேன், கம்பெனிச் சங்கு ஊதிடுச்சு. எல்லாரும் கிளாஸை வெச்சுட்டு ஓடறாங்க. பிப்பின்னு ஒரு ஒடிசா ஆளு மட்டும் வாசல்ல நின்னுட்டான். ரவி "வாடா"ன்னு சட்டையைப் புடிச்சு இழுக்கறான், அவன் கதவைப் புடிச்சுக்கிட்டுச் சொல்றான்:

"பாய், ஊர்ல இருந்து போன் கால் வரணும். கால் வரலன்னா கதை நல்லா இல்ல."

ஏரிக்கரையில எடம் பாத்தது

பிப்பின் சொன்னது எனக்கு முள்ளு மாதிரி தைச்சிடுச்சு. எழுத்தாளனுக்கு ரோஷம் வருமில்லையா? கலைன்னா சோகமாத்தான் இருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆன்டெனா வர்ற காட்சியையாவது ஒழுங்கா எழுதலாம்னு பாகூர் ஏரிக்கரைக்குப் போனேன். வரப்புல நிக்கறது யாரு? நம்ம அண்டா ஏகாம்பரம்! பக்கத்துலதான் அவரு கரும்புக் கொல்லை. இன்னா பாய் இந்தப் பக்கம்னாரு, பூங்கோதை சமாச்சாரம்தான்னேன். முழுக்கதையையும் கேட்டாரு, முடிவுக்கு முந்தி வரைக்கும். கேட்டுட்டு, "ஆன்டெனாவை எங்க வெக்கப் போற?"ன்னாரு.

இது சும்மா கதைங்கன்னு சொன்னாலும் மனுஷன் கேக்கலை. என் கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டுக் கரையோட நடக்கறாரு. இங்க வெச்சா மழையில கரை ஒடைஞ்சுடும், அங்க வெச்சா மதகுக்கு எடைஞ்சல், இந்த மேட்டுல வெச்சுக்கோன்னு முள்ளை வேற வெட்டித் தள்ளறாரு. சூரியன் எறங்கற நேரம். ஏரித்தண்ணியில வானம் முழுக்க விழுந்து கெடக்கு. கூட்டுக்குப் போற பறவைங்க மேலயும் பறக்குது, தண்ணிக்குள்ளயும் பறக்குது. மொத நட்சத்திரம் வந்துச்சு. ஏகாம்பரம் அந்த நட்சத்திரத்தைக் கையால காட்டி, அங்கதான் போவுதா உம் பொண்ணுன்னாரு. ஆமான்னேன். வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டே ரொம்பச் சாதாரணமா சொன்னாரு:

"ஒரு பொங்கலுக்குத் தங்கச்சிக்காரியால வர முடியலன்னா எனக்குச் சொல்லி வுடு பாய், நா வந்து பேசிட்டுப் போறேன். எனக்கு இங்கதான வேலை."

கேட்டு போட்டாச்சு

போன பொங்கலுக்கு முந்தின வாரம். மூலக்குளத்துல மும்தாஜோட அக்கா வூட்டுக்குப் போயிட்டு, ஸ்கூட்டர்ல திரும்பி வந்துக்கிட்டு இருந்தோம். வில்லியனூர் ரயில்வே கேட்டைப் போட்டுட்டாங்க. கரும்பு டிராக்டர், செங்கல் லாரி, கம்பெனி பஸ்சு, பால்கேன் வெச்ச பைக்கு எல்லாம் வரிசையா நிக்குது. அப்பதான் போன் வந்துச்சு. குத்துப்பாட்டுத் தயாரிப்பாளரேதான்! "சார், அந்த அக்கா தங்கச்சி கதை இன்னும் மனசுலயே இருக்கு. ஹீரோயினும் இங்க இருக்காங்க, அரை மணியில ஏர்போர்ட் போறாங்க. க்ளைமாக்ஸ் மட்டும் இப்பவே சொல்லுங்க. புடிச்சுதுன்னா படம் உண்டு"ன்னாரு. என் போன்ல காதுல வெச்சுக் கேக்கற ஸ்பீக்கரு போயி ரொம்ப நாளாச்சு, எப்பவும் சத்தமாத்தான் பேசும். சுத்தி நின்ன அத்தனை பேருக்கும் கேட்டுடுச்சு. மும்தாஜுக்கும்தான். சடார்னு வண்டியை விட்டு எறங்கி, ஓரத்துல கரும்பு ஜூஸ் வண்டிகிட்ட ஓடிப்போய்க் காதைப் பொத்திக்கிட்டு நின்னுட்டா. ஜூஸ்காரரு "காது வலியாமா?"ன்னு பாவமா கேக்கறாரு.

இத்தனை வருஷத்துல மொத தடவையா முடிவைக் கேக்க ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்காரு. போனை வாய்கிட்ட வெச்சுக்கிட்டு ஆரம்பிச்சேன். பூங்கோதை கண்ணு முழிக்கறா சார். நட்சத்திரம் வந்துடுச்சு. தங்கச்சி இப்ப இருக்க முடியாதுன்னு அவளுக்குத் தெரியும். சிவப்பு வெளக்கு எரியுது. கையை நீட்டறா. லாரிக்காரரு இஞ்சினை அணைச்சிட்டாரு. பஸ்சு ஜன்னல்ல வரிசையா மூஞ்சிங்க. பால்காரரு ஹெல்மெட்டைக் கழட்டிட்டாரு. யாரோ உம் கொட்டினாங்க, அப்புறம் இன்னொருத்தர். ரயிலு வந்து தடதடன்னு போவுது, அது போற வரைக்கும் நான் நிறுத்தினேன், அவங்களும் அப்படியே நின்னாங்க. பட்டனை அமுக்கினா சத்தம் வராதுன்னுதானே நான் எழுதி வெச்சிருக்கேன்? அந்த மூஞ்சிங்களைப் பாத்துக்கிட்டு அதை என்னால சொல்ல முடியலைங்க. பிப்பின் கதவைப் புடிச்சுக்கிட்டு நின்னது கண்ணுல வந்துச்சு, ஏகாம்பரம் வேட்டியை மடிச்சுக் கட்டினது வந்துச்சு.

பட்டனை அமுக்கறா சார், "அக்கா, நாந்தான் பேசறேன்"னு கொரலு வருதுன்னேன். ஆனா அது தங்கச்சி கொரலு இல்லை. ஒரு ஆம்பளைக் கொரலு. "தேன்மொழிக்கு முடியலக்கா, அதான் நா வந்தேன். ஏரி ரொம்பிச்சு. கரும்பு நல்லா வந்திருக்கு." அடுத்த பொங்கலு, வேற ஒரு பொண்ணு, "அக்கா, நாந்தான்." அதுக்கு அடுத்தது ஒரு டீச்சரு. அப்புறம் ஒரு பஸ் டிரைவரு. தங்கச்சி போய்ச் சேந்து எத்தனையோ காலமாச்சு, பேச்சு நிக்கவே இல்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் பாகூர்ல யாராவது ஒருத்தர் அந்த மேட்டுல ஏறிப் பேசியிருக்காங்க. கடைசிச் சேதியில ஒரு சின்னப் பொண்ணு, "நீங்க யாருன்னு எங்களுக்குத் தெரியாதுக்கா. எங்கம்மா பேசுனாங்க, அவுங்களுக்கு முன்னாடி அவுங்கம்மா பேசுனாங்க. நீங்க கேக்கறீங்களான்னும் தெரியாது. ஏரித்தண்ணி தெளிவா இருக்கு. பஸ்சு இன்னிக்கும் லேட்டு. அடுத்த பொங்கலுக்குப் பேசறோம்." பூங்கோதை, பேரு தெரியாத ஒரு ஆகாயத்துக்குக் கீழ நின்னு, மைக்கைப் புடிச்சு மொத தடவையா பதில் சொல்றா சார். "நாந்தான் பேசறேன்."

சொல்லி முடிச்சுட்டுப் பாத்தா, கேட்டைத் தூக்கி எவ்வளவோ நேரமாயிருக்கு. ஒரு வண்டியும் நகரலை! எதிர்ப்பக்கத்துக்காரங்க எல்லாரும் எங்களைத் தாண்டிப் போயிட்டாங்க, இந்தப் பக்கம் ஒருத்தரும் கிக்கரை மிதிக்கலை. பின்னாடி தூரத்துல கதை கேக்காதவங்க ஆரன் அடிச்சுக்கிட்டு இருக்காங்க. மனுஷங்க இப்படி நிப்பாங்களா, பாத்திரக்கடைக்காரன் ஒருத்தன் சொன்ன கதைக்கு? போனைத் திருப்பிப் பாத்தேன். லைன் எப்பவோ கட்டாயிடுச்சு. பேசின நேரத்தைப் பாத்தா, ரயிலு வர்றதுக்கு முன்னாடியே போயிருக்கு. அந்தப் பக்கம் யாருமே இல்லாம நான் பேசிக்கிட்டு இருந்திருக்கேன். செங்கல் லாரிக்காரரு பெரிய மீசைக்காரரு. துண்டால மூஞ்சியைத் தொடச்சுக்கிட்டு, போனைக் கையில எடுத்தாரு:

"எங்கக்காவுக்கு ஒரு போனைப் போட்டுட்டு வண்டிய எடுக்கறேன் பாய். எவன் ஆரன் அடிச்சாலும் அடிச்சுட்டுப் போறான்."

காதைப் பொத்தினவ

வண்டிங்க ஒவ்வொண்ணா போயிடுச்சு. தயாரிப்பாளரைத் திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கலை. ஹீரோயினு ஏர்போர்ட்டுக்குக் கெளம்பியிருப்பாங்க. மனசு ஒடிஞ்சுதான் போச்சு, பொய் சொல்ல மாட்டேன். போச்சு, இனிமே இந்தக் கதைக்கு விடிவு கெடையாதுன்னு தோணிடுச்சு. ஜூஸ் வண்டிகிட்ட மும்தாஜ் இன்னும் காதைப் பொத்திக்கிட்டுத்தான் நிக்கறா. போய்க் கையை எடுத்து விட்டேன். முடிஞ்சுடுச்சான்னா. முடிஞ்சுடுச்சும்மா, லைன் கட்டாயிடுச்சு, யாரும் கேக்கலைன்னேன். இனிமே படமெல்லாம் வராது, வீணா எதுக்கு, முடிவை ஒனக்கே சொல்லிடறேன் வான்னேன். என் வாயாலயே அதைச் சொல்லிட்டேன்.

மும்தாஜ் என்னை ஒரு மாதிரி பாத்தா. அவ கண்ணெல்லாம் ஈரம். முந்தானையால தொடச்சுக்கிட்டு ஜூஸ்காரர்கிட்ட ரெண்டு ஜூஸ் சொன்னா, இஞ்சி போட்டு. என் கையில ஒரு கிளாஸைக் குடுத்துட்டு, போன வண்டிங்க பக்கம் பாத்துக்கிட்டே சொன்னா:

"காதைத்தாங்க பொத்திக்கிட்டு இருந்தேன், கண்ணைப் பொத்தலியே. அந்த லாரிக்காரரு அழுதாரு, பால்காரரு சிரிச்சாரு, அந்தப் பஸ்சுல ஒரு பொண்ணு பக்கத்துல இருக்கறவ கையை இறுக்கிப் புடிச்சுக்கிச்சு. அத்தினி மூஞ்சியையும் பாத்துட்டு, படம் வராதுன்னு எங்கிட்டயே சொல்றீங்களே! முடிவைச் சொல்லாதீங்க. நா தியேட்டர்ல பாத்துக்கறேன்."

ஒளியை விட வேகமா எதுவும் போக முடியாதுன்னு நான்தான் கதைக்குக் கதை எழுதிக்கிட்டு இருக்கேன், எங்க வூட்டம்மா நம்பிக்கை மட்டும் எனக்கு முன்னாடியே போய், சீட்டு புடிச்சு உக்காந்துக்கிட்டு இருக்கு.